சாம்பிராணிக்கு அடங்காத வாசனை

என் வீட்டுக்காரருக்குக் கீமோ முடிந்து இரண்டு மாதமாகியும் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். எதைக் கொடுத்தாலும் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்பார். எடை இன்னும் குறைந்தால் மூக்கில் குழாய் போட்டுத்தான் உணவு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன் ஒரு முயற்சியாக மருத்துவக் கஞ்சா எழுதிக் கொடுத்தார். நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் அது சட்டப்படி சீட்டோடு வாங்குகிற மருந்துதான். ஆனாலும் மருந்துக்கடையில் வரிசையில் நின்றபோது, தெரிந்த முகம் எதுவும் இருக்கிறதா என்று நான்கு பக்கமும் பார்த்துக்கொண்டேன்.

கடையில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். இது கலப்பினம், சாட்டிவா என்கிற ஒல்லி இலை வகையின் பக்கம் சாய்ந்தது. வெப்ப நாட்டில் நெடுநெடுவென்று வளரும் ஒல்லி இலைச் செடி ஒரு பக்கம், மலைநாட்டுக் குட்டைச் செடி இன்னொரு பக்கம். இரண்டும் கலந்து பிறந்த இந்தப் பிள்ளைக்கு ஒல்லியின் ஜாடை. சாப்பிடும் நேரத்தில் ஆளைத் தூங்க வைக்காது என்று நினைத்துத்தான் டாக்டர் இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஆனால் வம்சத்தை வைத்து மட்டும் குணத்தைச் சொல்லிவிட முடியாது, ஆளுக்கு ஆள் மாறும் என்றும் எச்சரித்தாள். அதற்கு, கூட வந்திருந்த இவர், "பத்துப் பொருத்தமும் பார்த்துத்தானே நமக்குக் கட்டி வச்சாங்க" என்றார் என்னைப் பார்த்து. உடம்பு பாதியானாலும் வாய் குறையவில்லை.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தோம். எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருகிற நெடி முதலில். அதற்குப் பின்னால் மாங்காய்க் காம்பிலிருந்து வடியும் பாலின் வாசனை. கடைசியில் மிளகு. எனக்குப் பிடித்திருந்தது, அதைச் சொல்லத்தான் கூச்சம்.

பற்றவைக்கக் கூடாது. சூடாக்கி ஆவியை இழுக்க ஒரு சின்னக் கருவி. சாயங்காலம் இரண்டு இழுப்பு இழுத்தால் கொஞ்ச நேரத்தில் வாய் வறளும், தோள் தளரும், குமட்டல் அடங்கும். பிறகு பேச்சு. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷன், எங்கள் வாடகை வீட்டின் குழாயை எந்த மடையன் வடிவமைத்தான் என்று ஒரு மணி நேரம் பேசினார். ஒருநாள் ஆசைப்பட்டு மூன்றாவது இழுப்பு இழுத்தார். நெஞ்சு படபடவென்று அடிக்க, என் கையை விடவேயில்லை. அன்றோடு ஆசை தீர்ந்தது. எல்லாம் சரி, சாப்பாடு மட்டும் அரை இட்லியைத் தாண்டவில்லை.

எனக்கு அந்த வாசனைதான் பெரிய கவலை. நாங்கள் குடியிருக்கிற மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவுக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர்தான். ஊரெல்லாம் கஞ்சாக் குடும்பம் என்று பேசினால்? தினமும் சாயங்காலம் ஜன்னலை மூடிக்கொண்டு சாம்பிராணி போட்டேன். அது கந்த சஷ்டி சமயம். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா, "தம்பி சஷ்டி விரதமோ?" என்று கேட்டார். இவரைத்தான் தம்பி என்பார். நானும் தலையாட்டிவைத்தேன்.

அத்தோடு, அதுவரை அவர் வீட்டிலிருந்து இவருக்காக அடிக்கடி வந்துகொண்டிருந்த சாப்பாட்டுத் தட்டு நின்றுபோனது. தம்பியின் விரதம் கெடக்கூடாதென்று அவர்கள் மீன் பொரிப்பதையும் நிறுத்திவிட்டார்களாம். யாரைச் சாப்பிடவைக்க நான் தலைகீழாக நின்றேனோ, அவருக்கு வருகிற சாப்பாட்டை நானே மறித்திருக்கிறேன்.

சஷ்டி முடிந்தது, எங்கள் சாம்பிராணிப் புகை முடியவில்லை. ஒரு சாயங்காலம் அக்கா வாசலில் வந்து நின்றார்.

"சஷ்டி முடிஞ்சு எத்தினை நாளாச்சு. தம்பி இன்னும் விரதம் முடிக்கேல்லையோ? ஆள் காய்ஞ்சு போனார்."

நான் வாயைத் திறப்பதற்குள் சோபாவிலிருந்து குரல் வந்தது. இரண்டு இழுப்பு முடிந்து பேச்சு ஊறியிருந்த நேரம். "விரதமும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. இது கஞ்சா. சாப்பாடு இறங்கணும்னு டாக்டர் கொடுத்தது. வாசனை வெளிய வரக்கூடாதுன்னு இவ புகை போட்டு என்னை இரும வைக்கிறா."

எனக்கு மானமே போயிற்று. அக்கா என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் நான் சாப்பாடு தராமல் விட்டது பிழையெல்லே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் பொரித்த மீனுமாக வந்தார்.

"முதல்ல அந்தப் புகையை நிப்பாட்டும் பிள்ளை. மூச்சு முட்டுது."

ஜன்னலைத் திறந்தேன். இவர் ஒரு இடியாப்பத்தைச் சொதியில் ஊறவைத்து மெதுவாகத் தின்றார். இரண்டாவதை எடுத்தார். பாதியில் கை நின்றது. வாந்தி வரப்போகிறதென்று நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"சொதியில உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

கல்யாணமானதிலிருந்து அந்த வார்த்தைக்காக நான் போடாத சண்டையில்லை. அன்றைக்கு நேராக அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியை எடுத்துவந்தேன். கண்ணீரில் தட்டு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. அக்காதான் என் கையிலிருந்து வாங்கிப் போட்டார்.