முதலில் பேச வேண்டியவள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ரேவதி அக்காவிடமிருந்து போன் வந்தது. பீளமேட்டில் ஸ்டெல்லா அக்கா கவுன்சிலிங் கொடுத்த இடத்தில், யாருக்கு எந்த நேரம் என்று எழுதி வைப்பவர் அவர். தறிச் சத்தத்தில் எதுவும் கேட்காததால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எங்கள் தறிக் குடோன் வாசலுக்கு வந்தேன்.

"வியாழக்கிழமை அக்கா சோமனூர் வரமாட்டாங்க கண்ணு" என்றார்.

"சரிங்க. அடுத்த வாரம் வரச் சொல்லுங்க" என்றேன்.

பிறகுதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் தலைவலி என்று படுத்தாராம். மூளையில் ரத்தக் கசிவு. மறுநாள் மாலை இறந்துவிட்டார். நாற்பத்து மூன்று வயது.

உள்ளே நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மா, "யாரு அம்மணி போன்ல?" என்று கத்தினார். எங்கள் ஊரில் எல்லோரும் தறிகளுக்கு மேல் கத்தித்தான் பேசுவோம். அன்று எனக்குக் கத்த வரவில்லை.

அக்காவிடம் வந்துகொண்டிருந்தவர்கள் பெயர் போடாமல் எழுதித் தரலாம், ஜெபக் கூட்டத்தில் படிப்போம் என்று ரேவதி அக்கா சொன்னதால் இதை எழுதுகிறேன். உங்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. என் பஸ் எப்போதும் சீக்கிரம் வந்துவிடும். மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு முந்தைய நேரத்துக்கு வருபவரின் செருப்பு கதவருகே கிடக்கும். அறுந்த வாரை நீல நூலால் தைத்த செருப்பு. அவர் வெளியே வரும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவரும் அப்படித்தான் போயிருப்பார்.

எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது அப்பா இரண்டு தறிகளுக்கு நடுவில் சரிந்து விழுந்தார். பெரியப்பா ஓடிப்போய் மெயின் சுவிட்சை நிறுத்தினார். எட்டுத் தறிகளும் ஒரே நேரத்தில் நின்றன. நான் அப்பாவின் வாயருகே காதை வைத்து மூச்சுச் சத்தத்தைத் தேடினேன். அவ்வளவு நிசப்தத்திலும் அது கேட்கவில்லை.

அதன் பிறகு கரண்ட் போனால் என் கை கால் விறைத்துவிடும். பத்தாம் வகுப்புப் பரீட்சை ஹாலில் எல்லோரும் எழுதத் தொடங்கி அறையே அடங்கியபோது, பேப்பரைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. ஏன் ஓடினேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அப்பா தறியடியில் விழுந்ததைப் பார்த்தவள், அதனால் தறிச் சத்தத்துக்குத்தான் பயப்படுகிறாள் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். அமைதியாக இருக்கட்டும் என்று கோபியில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். சுற்றிலும் வாழைத்தோப்பு, ஒரு சத்தமில்லை. அந்த மூன்று வாரம் நான் சரியாகத் தூங்கவே இல்லை.

அம்மா என்னைக் கூட்டிப்போன முதல் நாள் ஸ்டெல்லா அக்காவும் அதே தவறைத்தான் செய்தார். "சத்தம்னாவே ஆகாதுங்க இவளுக்கு" என்று அம்மா சொன்னதைக் கேட்டு ஜன்னலைச் சாத்தினார், கடகடவென்று ஓடிய பழைய ஃபேனையும் நிறுத்தினார். நான் எழுந்து கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்கிவிட்டேன். பின்னாலேயே வந்த அவர் என்னைத் தொடவில்லை, திரும்பி வா என்றும் சொல்லவில்லை. இரண்டு படி மேலே உட்கார்ந்துகொண்டார். கீழே டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க பரவாயில்லையா கண்ணு?"

தலையாட்டினேன்.

"அப்பத் தப்பு எம்மேல. உன்னைக் கேக்காமயே ஃபேனை நிறுத்திப்போட்டேன்."

அதுவரை யாரும் என்னிடம் தப்பு தங்கள்மேல் என்று சொன்னதில்லை. அன்று முழு நேரமும் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். எழுந்திருக்கும்போது நான் சொன்ன ஒரே வாக்கியம், "தறி நின்னாத்தானுங்க பயம்." அம்மாவிடம்கூடச் சொல்லாதது அது.

அடுத்த வாரம் ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் என் நாற்காலி போடப்பட்டிருந்தது. "சுவிட்ச் உன் கையில. நீ நிறுத்துனாத்தான் நிக்கும், நீ போட்டா ஓடும். நான் எந்திரிச்சு வரமாட்டேன்" என்றார். முதல் நாள் மூன்று நொடிகூடத் தாங்கவில்லை. ஃபேன் நின்றதும் மிச்சமிருக்கும் சத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அவிநாசி ரோட்டில் பஸ் ஹாரன். இறங்கப்போகும் விமானம். டீக்கடை கிளாஸ். ஒரு நாள் எதுவுமே காதில் விழவில்லை, என் கை சுவிட்சுக்குப் போனது. அக்கா மேசை டிராயரிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடக்கென்று கடித்தார்.

"இது கேக்குதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதையும் லிஸ்ட்ல சேத்துக்கோ. இந்த ஃபேனை மாத்தச் சொல்லி வாரவங்க எல்லாரும் சண்டை போடறாங்க. உனக்காவத்தான் பல்லைக் கடிச்சுட்டு வெச்சிருக்கேன்" என்றார். அந்த ஃபேனைப் பற்றிச் சண்டை போட்டவர்கள் நீங்கள்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

பயம் போய்விட்டதா என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. "பயம் வந்தப்ப என்ன பண்ணுன, அதைச் சொல்லு" என்பார். நான் பதில் சொல்லச் சில நாள் கால் மணி நேரம் ஆகும். அவர் காத்திருப்பார்.

ஒருமுறை பீளமேட்டு பேக்கரியில் அவரைப் பார்த்தேன். கூட அவருடைய சின்ன மகள் இருந்தாள். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு பன் அடுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கத் தொடங்கினார். முதல் நாளே சொல்லியிருந்தார், வெளியில் பார்த்தால் தானாக வந்து பேசமாட்டேன் என்று. அவரிடம் வருகிறோம் என்பது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியது நாம்தானாம். எனக்குப் பேச ஆசையாக இருந்தது. வாய் வரவில்லை. அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்டேன்.

"எதுக்கு கண்ணு மன்னிப்பு? நீ பேசுனா நான் பேசுவேன். பேசலீன்னாலும் நமக்குள்ள ஒண்ணும் கொறஞ்சு போகாது. முதப் பேச்சு உன்னோடது."

போன மாதம், கரண்ட் நிறுத்தும் நாளாகப் பார்த்து எங்கள் குடோனுக்கு வந்தார். தறிகள் நின்றபோது என் பக்கத்தில் நின்றார். நான் ஓடவில்லை. அடுத்த முறை என் கையால் நானே மெயினை நிறுத்துவது என்று பேசி வைத்திருந்தோம். அந்த அடுத்த முறைதான் இந்த வியாழக்கிழமை.

புதன்கிழமை அவர் வீட்டுக்குத் தனியாகப் போனேன். வாசலில் கிடந்த அத்தனை செருப்புகளுக்கு நடுவில் நீல நூல் செருப்பு தெரிந்தது. உள்ளே ஜெபம் முடிந்து எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். நான் மிச்சமிருக்கும் சத்தத்தைத் தேடினேன். ஃப்ரீசர் பெட்டியின் மோட்டார் மட்டும் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்காவின் உறவினர் ஒருவர், "நீ யாரு கண்ணு? படிக்கிற புள்ளையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். அது இரண்டாவது கேள்விக்கு மட்டுமான பதில். அக்காவின் முகத்தருகே போனபோதும் வாய் திறக்கவில்லை. பேக்கரியில் நின்றது போலவே நின்றுவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இனி நான் பேசும்வரை யார் காத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பெரியப்பாவிடம் கேட்டேன். "மெயினை நான் ஒருக்கா நிறுத்தட்டுங்களா?"

"ஓடற தறிய எதுக்கு நிறுத்தறே, வேற வேலையில்லையா உனக்கு?" என்று கத்தினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "செரி, நிறுத்து. அஞ்சு நிமிசந்தான்."

நிறுத்தினேன். எட்டுத் தறிகளும் நின்றன. ஓட்டின்மேல் காக்காய் நடந்தது. அம்மாவின் வளையல். தெருவில் ஒரு டிவிஎஸ் வண்டி. பிறகு என் மூச்சு. அப்பாவுடையது கேட்கவில்லை. இனி கேட்காது. அது தெரிந்தும் நின்றேன்.

"அக்கா, நாந்தானுங்க" என்றேன்.

"யாருகிட்ட அம்மணி பேசறே?" என்று அம்மா கேட்டார். கத்தாமல் கேட்டார். அந்தக் குடோனுக்குள் அம்மாவின் மெல்லிய குரலை வெகுநாளைக்குப் பிறகு கேட்டேன்.

"ஸ்டெல்லா அக்காகிட்டம்மா."

பெரியப்பா மறுபடி தறிகளை ஓட விட்டார். வியாழக்கிழமை பஸ் இனி எனக்கு இல்லை. போக ஓர் இடமும் இல்லை. அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, என்னுடையது என்று அவர் சொன்ன அந்த முதல் பேச்சு மட்டும்தான். நீல நூல் செருப்புக்காரரே, அதை உங்களுக்காக வைத்திருக்கிறேன். எங்காவது அந்தச் செருப்பைப் பார்த்தால், நான் தலை நிமிர்ந்து உங்களிடம் பேசுவேன். நீங்கள் பதில் சொல்லாமல் போனாலும் பரவாயில்லை.