நாலு வரிமீனும் ஒரு கண்ணாடித் தடுப்பும்

என் மாமா மெட்ராஸிலிருந்து ஆரணி பஸ்ஸில் நாலு மீன்களை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பி அவர். எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். மீன்களுக்கு உடம்பெல்லாம் கறுப்பு வரி. சிக்லிட் சாதி, கைதி மீன் என்று கடைக்காரர் சொன்னாராம். என்ன குற்றம் செய்து உள்ளே போனவை என்பது இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. நாலில் பெரியதாக, சாம்பல் நிறத்தில் இருந்த ஒன்று மற்ற மூன்றையும் மூலை மூலையாகத் துரத்திக் கடித்தது.

மாமா தொட்டியின் நடுவே ஒரு கண்ணாடியைச் செருகினார். ஒரு பக்கம் அந்த ரவுடி தனியாக. மறுபக்கம் மற்ற மூன்றும், அவை ஒளிந்துகொள்ள ஒரு சின்ன மண்சட்டியும். மேலே பலகை போட்டு மூடிவிட்டார்.

மூன்றில் ஒன்றுக்கு மட்டும் வயிற்றில் ஆரஞ்சு நிறம் மின்னும். அதுதான் ஆண் என்றார் மாமா. “மீன்ல கலரா கீறதுதாங்க ஆம்பள. மயிலு மாதிரி.”

அப்பா தறியை விட்டு எழாமலே, “அவ்ளோ பெருசா இருந்துகினு எல்லாத்தையும் அடிக்குதே, அது பொம்பளையா?” என்றார்.

“ஏன், இருக்கக் கூடாதா?” என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

பள்ளிக்கூடம் விட்டால் நான் தொட்டியருகேதான். ரவுடியும் ஆரஞ்சு வயிறும் கண்ணாடிக்கு இரு பக்கமும் வந்து நின்று, உடம்பைச் சிலிர்த்து வாலை ஆட்டிக்கொண்டே இருந்தன. அது சண்டை இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. விளையாட விடச் சொல்லித்தான் கேட்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா மீனுக்குப் புழு எடுக்கச் சேவூர் போயிருந்தார். நான் முக்காலியில் ஏறி, பலகையை நகர்த்தி, கண்ணாடியை மெதுவாக மேலே தூக்கினேன். ரவுடி பாய்ந்தது. என் நெஞ்சு தறியைவிடச் சத்தமாக அடித்துக்கொண்டது. இரண்டும் வாயோடு வாய் கவ்வி இழுத்தன, விலகிச் சுற்றின, மறுபடி கவ்வின. பிறகு ஆரஞ்சு வயிறு மண்சட்டிக்குள் போயிற்று. ரவுடியும் பின்னாலேயே நுழைந்தது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

“ஜல்தியா வா, நூலு சுத்தணும்” என்று அம்மா கூப்பிட்டாள். கண்ணாடியைப் பழையபடி செருகி, பலகையை மூடிவிட்டு ஓடினேன்.

பொழுது சாயத் திரும்பிய மாமா தொட்டியருகே வெகுநேரம் குனிந்து நின்றார். பிறகு அப்பாவிடம், “பெருசு கண்ணாடிய தாண்டி இந்தப் பக்கம் குதிச்சிடுச்சிங்க” என்றார். என்னைப் பார்க்கவே இல்லை. நான் தப்பித்தேன்.

மறுநாள் காலையில் மற்ற இரண்டு மீன்களும் இல்லை. கேட்டேன்.

“சேவூர் ஃப்ரெண்டு கேட்டுகினே இருந்தான் கண்ணு. குடுத்து அனுப்பிட்டேன்.”

நாலாம் நாள் சட்டியின் உட்புறம் கசகசாவை ஒட்டினாற்போல முட்டைகள். ஆரஞ்சு வயிறு அவற்றின் மேல் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. சட்டி வாசலில் ரவுடி காவல். விரலை விட்ட மாமாவுக்கு ஒரு கடி கிடைத்தது. நான் போட்ட கூச்சலில் அப்பா தறியை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

“இன்னாடா, உன் ஆம்பள முட்ட போட்டுகினு கீது?”

தெருவே வந்து பார்த்தது. தோற்றுப்போன மாமாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். கூட்டத்துக்கு மேலே என்னைத் தூக்கிப் பிடித்து, “நல்லா பாரு” என்றார்.

தடுப்பைத் தூக்கியது நான்தான் என்பதை ஒருவரிடமும் சொல்லாமல் வருஷக்கணக்கில் பெருமையாக வைத்திருந்தேன். பலகை போட்டு மூடிய தொட்டியில் மீன் எப்படித் தாண்டும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. சோடி சேர்ந்த வரிமீன் வேறு மீனைக் கிட்டே விடாது என்பதும், அந்தப் பாதித் தொட்டியில் மற்ற இரண்டுக்கும் தப்பி ஓட இடமில்லை என்பதும் எனக்குத் தெரியாது. அந்த ஞாயிறு சாயங்காலம் கொல்லையில் முருங்கை மரத்தடியில் மாமா குந்தி உட்கார்ந்து மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். சேவூரில் புழு போதவில்லை போலிருக்கிறது, இங்கேயும் தோண்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.