பின்னால் வராத மூன்று பேர்

நான் ஹனோவரில் வேலை பார்க்கிறேன். இலைகள் நிறம் மாறும் பருவத்தில் பால்டிக் கடலில் இருக்கும் ரூகன் தீவுக்குப் போய், கடலோரக் காட்டில் நடக்கலாம் என்று ஆபீஸில் நான்கு பேர் திட்டம் போட்டோம். கிளம்பும் வாரத்தில் மற்ற மூவரும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நான் மட்டும் போனேன். திருச்சியில் இருக்கும் அம்மாவிடம் மற்றவர்கள் வராததை மட்டும் சொல்லவில்லை.

மரங்களெல்லாம் மஞ்சளும் செம்பு நிறமுமாக நின்றன. "பாரேன்" என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. ஈர இலைகளுக்கு அடியில் இருந்த வேர் தடுக்கி விழுந்தேன். கணுக்கால் வீங்கிவிட்டது, ஊன்ற முடியவில்லை. போனில் சிக்னலும் இல்லை.

வெகுநேரம் கழித்து ஒரு வயதான ஜெர்மன் தம்பதி அந்த வழியாக வந்தார்கள். "தனியாகவா வந்தீர்கள்?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். உண்மையைச் சொல்ல ஏனோ கூச்சமாக இருந்தது. "இல்லை, நண்பர்கள் பின்னால் வருகிறார்கள்" என்றேன். அவர்களும் நம்பி நடந்துவிட்டார்கள். பாதை வளைவில் அவர்கள் மறையப்போனபோதுதான் பயம் பிடித்தது. "யாரும் வரவில்லை" என்று கத்தினேன். இருவரும் திரும்பி வந்து, தோள் கொடுத்து, சாலைவரை கொண்டுவந்து விட்டார்கள்.

மறுநாள் அம்மாவிடம், "தினமும் கூப்பிடுவியே, நேத்து ஏம்மா கூப்பிடல?" என்று கேட்டேன்.

"ஃப்ரெண்ட்ஸோட இருப்பே, நடுவுல எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்."

இப்போதெல்லாம் தனியாகப் போனால், அதை அம்மாவிடம் சொல்லிவிட்டே கிளம்புகிறேன். எந்தப் பாதை, எப்போது திரும்புவேன் என்று தங்கும் விடுதியிலும் சொல்லிவைக்கிறேன். அம்மா ஓயாமல் கூப்பிடுகிறார். எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சிக்னல் உள்ள இடமாகப் பார்த்து நின்று, மரங்கள் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று அவருக்குச் சொல்கிறேன்.