ஹோம்லி என்றால்

நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் அத்தைக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு வரன் வந்தது. அத்தை, அப்பாவின் தங்கை. ஆத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். தினமும் திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் போய் வருவாள். இருபத்தெட்டு வயதாகிவிட்டதே என்று அவளைத் தவிர வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

போட்டோவைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் அக்கா அங்கிருந்தே கடிதம் எழுதியிருந்தாள். முழுக்க இங்கிலீஷ். பெண் ஹோம்லியாக இருக்கிறாள், எல்லோருக்கும் சம்மதம், கிறிஸ்துமஸுக்கு வரும்போது பேசி முடித்துவிடலாம். அப்பா அதை மூன்று முறை வாசித்தார். அம்மா கேசரி கிளறப் போனாள்.

அத்தை மட்டும் கடிதத்தை வாங்கி, ஹோம்லி என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, கட்டுரைப் போட்டியில் பரிசாக வந்த என் அகராதியை எடுத்துவரச் சொன்னாள். அதை நான் யாரையும் தொட விடுவதில்லை. நானே அந்தச் சொல்லைத் தேடி, நின்றபடி வாசித்தேன். வீடு என்ற சொல்லிலிருந்து பிறந்தது. வீட்டுப் பாங்கான, எளிமையான. அப்பா தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் மணமகள் தேவை விளம்பரங்களில் வருவதும் அந்த அர்த்தத்தில்தான் என்றார்.

"கீழ இன்னொன்னு போட்டுருக்குல்ல பாப்பா, அதையும் சத்தமா வாசி," என்றாள் அத்தை.

வாசித்தேன். அமெரிக்க வழக்கில், அழகில்லாத, பார்க்கச் சுமாரான.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. நம் ஊர்க்காரர்கள்தானே, அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள் என்று அப்பா சமாதானம் சொல்லிப் பார்த்தார். எளிமை என்று ஆரம்பித்த சொல் கடல் தாண்டியதும் எப்படிச் சுமாரான மூஞ்சி ஆயிற்று என்பதை அத்தை டீச்சர் குரலில் விளக்கினாள்.

"இருவது வருசமா அங்கயே இருக்கவங்கண்ணே. அந்த ஊரு அர்த்தத்துலதான எழுதுவாங்க? சுமாரா இருக்கேன்னு எழுதுன வீட்டுக்கு நான் போகல."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கை அழுதால் அப்பா தாங்கமாட்டார். அந்த வாரமே, இந்த இடம் வேண்டாம் என்று மரியாதையாகப் பதில் எழுதிப் போட்டுவிட்டார்.

எல்லாம் என்னால்தான் என்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அகராதியைப் பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அத்தையோ பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். துக்கத்தை மறைக்கிறாள் என்று நினைத்து எனக்கு இன்னும் அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் என்னை மட்டும் பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போனாள். அங்கே அவள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எனக்குக் கூடுதலாக ஒரு முட்டை வைக்கச் சொல்லிவிட்டு, சிரித்தபடி கேட்டார்.

"டிக்சனரி வாசிச்ச புள்ள நீதானா?"

ஆமாம் என்றேன். என் புகழ் ஆத்தூர்வரை போய்விட்டதே என்று ஒரே பெருமையாக இருந்தது. அது எப்படிப் போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை.