மன்னார்குடி பேருந்தில் ஒரு கூகையும் ஒரு பால்சுறாவும்

இன்று காலை மன்னார்குடி பேருந்தில் என் மடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே, எங்கள் வயல் மோட்டார் கொட்டகையில் குஞ்சு பொரித்திருந்த கூகை. அந்த வெள்ளை முக ஆந்தை தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது. கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

பக்கத்து இருக்கையில் மீன் விற்கும் அக்கா ஒருவர், காலடியில் கூடையோடு.

"பெட்டியில என்ன தம்பி?"

திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"எலிக்கு நான் மருந்து வச்சேங்க்கா. அந்த எலிய இது தின்னுடுச்சு."

அவர் கூடைத் துணியை விலக்கினார். பால்சுறா. பிள்ளை பெற்றவள் ஒருத்திக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு செய்யக் கொண்டுபோகிறாராம்.

"இதுவும் வேட்டையாடித் திங்கிறதுதான். ஆனா முட்டை போடாது, நம்மள மாதிரி குட்டி போடும். நேத்து ஒன்ன அறுத்தேன், வயித்துல நாலு குட்டி. நேத்து பூரா எனக்குச் சோறு எறங்கல. ஒங்க கூகைக்குக் குஞ்சு இருக்கா?"

"மூணு இருக்குக்கா."

"அப்ப ஒங்க பாடுதான் கஷ்டம் தம்பி. என்னுது குட்டியோட போயிடுச்சு. ஒங்களுது விட்டுட்டுப் போவுது."

மன்னார்குடி வருவதற்குள் கூகை இறந்துவிட்டது. அக்கா என் தோளைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார்.

இப்போது கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறேன். மேலே மூன்றும் பசியில் சீறிக்கொண்டே இருக்கின்றன.

கூகைக் குஞ்சுக்கு என்ன கொடுக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எலி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் வயல் எலியை நம்பிக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.