பண்ணைக் கூடையும் சம்பந்தி விருந்தும்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் ஒரு மூங்கில் கூடை இறங்கும். கொத்தமங்கலம் தாண்டி ஒரு கிராமத்தில், தன் அப்பாவின் நிலத்தில் காய்கறி போடும் ஒரு பெண் அனுப்புகிற கூடை. காரைக்குடியில் நாற்பது வீட்டுக்காரர்கள் முன்பணம் கட்டி அவளுடைய விளைச்சலில் பங்கு சேர்ந்திருந்தோம். விளைந்தால் நிறைய வரும், விளையாவிட்டால் கொஞ்சம்தான் வரும். முதல் கூட்டத்தில் அவள் இதைச் சொன்னபோது அத்தனை பேரும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினார்கள்.

ஆவணியில் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் கூடை வழிய வந்தன. வாட்ஸ்அப் குழுவில் ஒரே படம். வெந்நீர் வைக்கத் தெரியாதவள்கூடக் கூடையை மடியில் வைத்துப் படம் பிடித்துப் போட்டாள். ஒரு வங்கி மேலாளர் பச்சை வெண்டைக்காயைக் கடித்துவிட்டு, மண்ணின் மணம் என்று எழுதினார். கழுவாமல் தின்றிருப்பார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கத்தரி அழுகியது, வெண்டை மஞ்சளடித்தது. சுரைக்காய், முருங்கைக்கீரை, வாழைப்பூ, மறுபடியும் சுரைக்காய். உடனே குழுவில் புலம்பல். பிள்ளைகள் சாப்பிட மாட்டேன் என்கிறார்களாம். உருளைக்கிழங்கையாவது வாங்கிப் போடக் கூடாதா என்றாள் ஒருத்தி. வாங்கிப் போடுவதற்கு இவள் எதற்கு, கடைத்தெரு இல்லையா? ஒவ்வொருவராக விலகினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு சுரைக்காயைக் கண்டு ஓடுகிற ஜென்மங்கள். வாழைப்பூவில் நரம்பு எடுக்கச் சோம்பல், அதைச் சொல்ல வெட்கம், பழி மட்டும் பிள்ளைகள் மேல்.

நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. குழுவில் குரல் பதிவு போட்டேன். “கூடையில வந்ததை வச்சு ஆக்கத் தெரியலைன்னா அடுப்படிப் பக்கமே போகாதீக. வர்ற சனிக்கிழமை எங்க சம்பந்தி வீட்டார் கோவிலூர் கோயிலுக்கு வந்துட்டு, இங்க சாப்பிட வாராக. கூடையில என்ன வருதோ அதைத்தான் இலையில போடப்போறேன். பார்த்துக்கிடுங்க.”

அன்றைக்கே அந்தப் பெண் போனில் கூப்பிட்டாள். “ஆச்சி, நீங்க பேசுனதைக் கேட்டுட்டு நாலு பேரு விலகலைன்னுட்டாக. தை வரைக்கும் இருக்கிறவுக இருந்தாப் போதும், சமாளிச்சுருவேன். இல்லைன்னா நிலத்தைக் குத்தகைக்கு விடப்போறதா அப்பா சொல்லிட்டாக.” எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் நிலமே என் கரண்டியில் தொங்குவதாக நினைப்பு.

சம்பந்தி ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலையில் உட்கார்ந்ததும் காய்களை எண்ணுகிறவர். கல்யாணப் பந்தியில் இரண்டு பொரியல் குறைந்ததை இன்றைக்கும் என் மகளிடம் சொல்லிக் காட்டுகிறார். அவர் வீட்டு அடுப்பில் தினமும் கொதிப்பது தண்ணிக் குழம்பும் நேற்றைய ரசமும்தான் என்பது எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை கூடை கனமாக இறங்கியது. நாலு சுரைக்காய், இரண்டு வாழைப்பூ, இரண்டு கட்டு முருங்கைக்கீரை. வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு. விலகிப் போனவர்களின் பங்கை என் தலையில் கட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். வாழைப்பூக் கோளா, சுரைக்காய்க் கூட்டு, கீரைத் துவட்டல் என்று ஆக்கியிருக்கலாம். ஆக்கத் தெரியாதவள் இல்லை. ஆனால் சம்பந்தி ஆச்சி இலையைப் பார்த்து உதட்டைச் சுழிப்பது கண்முன்னே வந்து நின்றது. சுரைக்காய் போட்ட கதையை ஊர் போய்ச் சேரும்வரை என் மகள்தானே கேட்க வேண்டும்? கூடையை அடுப்படி மூலைக்குத் தள்ளிவிட்டு, வீட்டுக்காரரைக் கடைத்தெருவுக்கு விரட்டினேன். காலிஃபிளவர், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி எல்லாம் வந்தன.

மத்தியானம் இலை போட்டோம். சம்பந்தி ஆச்சி எண்ணினார். முகம் தெளிந்தது.

“காலிஃபிளவர் நல்லா இருக்கு ஆச்சி. ஏதோ பண்ணைக் காய்தான் வாங்குறீகன்னு உங்க மக சொன்னா. இது அதுவா?”

“ஆமா ஆச்சி, எல்லாம் பண்ணையில வந்ததுதான்” என்றேன், கூசாமல்.

திரும்பினால் அடுப்படி வாசலில் அந்தப் பெண் நிற்கிறாள். போன வாரத்துக் காலிக் கூடையை, காலையில் கூடை இறக்கிய வண்டிக்காரர் எடுக்காமல் போய்விட்டாராம். விருந்து நடப்பதால் கொல்லைப் பக்கமாக வந்திருக்கிறாள். நான் சொன்னதைக் கேட்டிருந்தாள். மூலையில் இருந்ததையும் பார்த்துவிட்டாள்.

நான் உள்ளே போனதும் தாழ்ந்த குரலில் கேட்டாள். “ஆச்சி, இதுல பாதி எங்க வீட்டுப் பங்கு. உங்களுக்கு விருந்தாச்சே, பத்தாமப் போயிறக் கூடாதுன்னு வச்சேன். எங்க வீட்டுல இன்னைக்கு வெறும் ரசம்தான். நீங்க ஆக்கலைன்னா, எங்களதை மட்டும் எடுத்துக்கிடட்டுமா?”

தலையை மட்டும் ஆட்டினேன். இரண்டு சுரைக்காய், ஒரு வாழைப்பூ, ஒரு கட்டுக் கீரையை எடுத்துக் காலிக் கூடையில் வைத்துக்கொண்டாள். என் பங்கை மூலையிலேயே விட்டுவிட்டு வந்த வழியே போனாள். விலகிப் போனவர்களாவது சொல்லிவிட்டுப் போனார்கள்.

இன்னும் கொஞ்சம் காலிஃபிளவர் வேண்டும் என்று சம்பந்தி ஆச்சி கூடத்திலிருந்து கேட்டார். கொண்டுபோய்ப் போட்டேன்.