கடைசிச் சந்துக்கு நான் எழுதிய பொய்

பல்கலைக்கழகத்தின் பொது நிர்வாக மையம் ஒன்றில் எனக்கு ஆய்வு உதவியாளர் வேலை. அரசுத் துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் கேட்கும் கணக்கெடுப்புகளைச் செய்து கொடுப்போம். கவுன்சிலர்களுக்குப் பயிற்சி வகுப்பும் நடத்துவோம். ஒருமுறை, வடிகால் எங்கே கட்டுவது என்று முடிவு செய்ய, மழைக்கு எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் வேலை வந்தது.

அனகாபுத்தூரில் ஆற்றை ஒட்டிய சந்துகள் என் பங்கு. கடைசிச் சந்துக்குப் போனபோது உச்சி வெயில். மூன்று கதவுகளைத் தட்டினேன், யாரும் திறக்கவில்லை. முனையில் டீக்கடைக்காரரிடம் கேட்டேன். அவ்வளவாகத் தண்ணீர் வராது என்றார். மழைக்காலம் முடிந்த பிறகுதான் அங்கே கடை போட்டதாகவும் அவரே சொல்லியிருந்தார். இருந்தும் அந்தச் சந்தின் பன்னிரண்டு வீட்டுப் படிவங்களிலும் 'கணுக்கால் அளவு' என்று நிரப்பிவிட்டு பஸ் ஏறினேன்.

அறிக்கையை இயக்குநர் பாராட்டினார். கவுன்சிலர்கள் வகுப்பில் அதையே உதாரணமாகக் காட்டச் சொன்னார். வீடு வீடாகப் போனால்தான் உண்மை தெரியும் என்று நான் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தார். அந்த வார்டு கவுன்சிலர். முதல் முறை ஜெயித்தவர்.

"சார், அந்தக் கடேசி சந்துல எந்த வூட்ல கேட்டீங்க?"

"சேம்பிள் எடுத்தோம் மேடம்."

"நா அங்கதான் சார் குடிகீறேன். மாரளவு தண்ணி நின்னுச்சு. மாமியாரைக் கட்டில் மேல மேசை போட்டு உக்கார வெச்சோம்."

அவர் குரலில் கோபமில்லை. பாடத்தில் தனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்பது போலக் கேட்டார். களப்பணிக்குப் போனவர்களிடம் விசாரிக்கிறேன் என்றேன், போனது வேறு யாரோ போல. பின்வரிசையில் இருந்த என் சக ஊழியர் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். போனது யார் என்று அவளுக்குத் தெரியும்.

 வகுப்பு முடிந்ததும் இயக்குநர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"மத்த தெருவெல்லாம்?"

"போனேன் சார்."

"அதை நான் இனிமே எப்படி நம்புறது?"

 என் பங்குத் தெருக்கள் முழுவதையும் மறுபடி எடுத்தோம். இந்த முறை அந்தச் சக ஊழியரையும் என்னோடு அனுப்பினார். திருத்திய அறிக்கையைக் கொண்டுபோனபோது, பழைய அறிக்கையை வைத்தே முதல் கட்டத் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கியாகிவிட்டது, அந்தச் சந்து இரண்டாம் கட்டத்தில்தான் வரும் என்றார் வடிகால் வேலையைக் கவனிக்கும் பொறியாளர். அதற்குள் மழை வந்துவிட்டது.

தண்ணீர் வடிந்ததும் கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பாய்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் படிவங்களை நிரப்பியவன் நான்தான் என்றேன்.

"அன்னிக்கே உங்க மூஞ்சியப் பாத்ததும் தெரிஞ்சுது சார்," என்றார். பிறகு ஈரப் பாயின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

இரண்டாம் கட்டம் இன்னும் தொடங்கவில்லை. அதற்காக அதிகாரிகளுக்குக் கவுன்சிலர் எழுதும் மனுக்களை எனக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்கிறார். பார்த்துத் திருத்திக் கொடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் நன்றி சார் என்கிறார். எனக்குக் கூசுகிறது.